அக்சலோட்டலின் செவுளில் பஞ்சு: கொழும்பு வீட்டில் என்ன செய்யலாம்?

இந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு கழிந்த கிழமை, எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடிப் பிள்ளை இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினாள். கையில் போன். "அன்ரி, இதின்ட கழுத்தில பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு. கையால எடுக்கப் பார்த்தன், வரயில்ல." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோஸ் நிற அக்சலோட்டல், கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் நீர்ப் பிராணி. இடது பக்கத்து நடுச் செவுளின் நுனியில் பாசிப்பயறு அளவில் ஒரு வெள்ளைக் குச்சம். மருந்துக் கடைப் பஞ்சை நனைத்து ஒட்டினது போல இருந்தது.

"முதல்ல கையை வைக்காதம்மா. தண்ணி எத்தினை பாகையில நிக்குது?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. கீழே போய்ப் பார்த்தோம். 28.

நான் மிருக வைத்தியர் இல்லை. ஐந்து வருடமாக வெள்ளவத்தையில் இரண்டு அக்சலோட்டல் வளர்க்கிறேன், அவ்வளவுதான். அன்று இரவு அவளுக்கு அவசரமாகச் சொன்னதையும் பிறகு ஆறுதலாக இருத்திச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். புதிதாக வளர்க்கத் தொடங்கியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன மருந்து ஊத்துறது?" என்றுதான். மருந்துக்கு முன்னால் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது.

அக்சலோட்டல் மீன் இல்லை. சலமந்தர் வகை, தவளைக்குச் சொந்தக்காரப் பிராணி. மற்றச் சலமந்தர்களில் பல, குஞ்சாக இருக்கும்போது மட்டும் தண்ணீரில் இருந்துவிட்டு, பிறகு செவுளை இழந்து தரைக்கு ஏறும். இது ஏறாது. குஞ்சுத் தோற்றத்திலேயே வளர்ந்து, அப்படியே முட்டையும் இடும். அதனால்தான் தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்றாக ஆறு செவுள்கள் சாமரம் போல வெளியே நிற்கின்றன. மீன் வாங்கும்போது மூடியைத் தூக்கிப் 'பூ' சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அதே உறுப்பு இங்கே மூடி இல்லாமல் தண்ணீரில் ஆடுகிறது. தோலும் அப்படித்தான். செதில் இல்லை, வழுவழுப்பான ஒரு சளிப்படலம் மட்டும். தண்ணீரில் என்ன கரைந்திருந்தாலும் தோல் வழியாக உள்ளே போகும். தண்ணீரில் இருக்கும் அழுக்கும் போகும், நாம் ஊற்றும் மருந்தும் போகும்.

அடுத்தது ஊர். இதன் சொந்த இடம் மெக்சிகோ நகரத்தின் தெற்கில் இருக்கும் சொச்சிமில்கோ என்ற நீர்நிலை. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே. நம்முடைய நுவரெலியாவே 1,868 மீற்றர்தான். இதற்கு ஏற்ற தண்ணீர் 16 முதல் 18 பாகை செல்சியஸ். அது நுவரெலியாவின் சராசரிக் குளிர். 20 வரை சமாளிக்கும். 22 தாண்டினால் உடம்பு சோரத் தொடங்கும், 24க்கு மேல் நாட்கணக்கில் இருந்தால் ஏதோ ஒரு நோய் வந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் வருடம் முழுக்க 27, 28. மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வருகிற தண்ணீரில் கை சுடும். நுவரெலியாவில் இருக்கவேண்டிய உயிரைக் கொண்டுவந்து வெள்ளவத்தையில் வைத்திருக்கிறோம். இங்கே அதற்கு வரும் தொற்றுகளில் பெரும்பங்கு இந்த ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

பஞ்சு எங்கிருந்து வந்தது?

"கடையிலேயே நோய் இருந்திருக்குமோ?" என்று அந்தப் பிள்ளையின் அம்மா கேட்டார். இருக்கலாம், ஆனால் தேவையில்லை. அந்தப் பஞ்சின் பெயர் சப்ரோலெக்னியா. நீர்ப் பூஞ்சணம் என்று சொல்லலாம். இதன் வித்திகள் குளம், ஆறு, மீன் தொட்டி என்று ஏறக்குறைய எல்லா நன்னீரிலும் இருக்கின்றன. உங்கள் தொட்டியிலும் இப்போது இருக்கும்.

குசினியில் பாண் பூத்துப்போவதை நினைத்துப் பாருங்கள். பூஞ்சண வித்தி காற்றில் எப்போதும் இருக்கிறது. அது நம் கையில் முளைக்கவில்லை, பாணில்தான் முளைக்கிறது. கை உயிருள்ளது, தன்னைக் காத்துக்கொள்கிறது. பாண் உயிரற்ற உணவு. நீர்ப் பூஞ்சணமும் முதலில் தேடுவது செத்துப்போன தசையைத்தான். கூரான கல்லில் உரசின இடம், கூட இருக்கும் அக்சலோட்டல் கடித்த இடம், அழுக்குத் தண்ணீரில் வெந்துபோன செவுள் நுனி. அங்கே முளைத்த பிறகுதான் பக்கத்தில் இருக்கும் நல்ல தசைக்குப் பரவும்.

அப்படியானால் காவல் எப்படிக் குறைந்தது? அந்தக் குடும்பம் புத்தாண்டுக்கு நான்கு நாள் யாழ்ப்பாணம் போயிருந்தது. பசியோடு கிடக்கப் போகிறதே என்ற பாசத்தில் போகும்போது நிறையத் தீனியைப் போட்டுவிட்டுப் போனார்கள். கரண்ட் வீணாகும் என்று தொட்டிக்கு மேலே இருந்த ஃபேனை நிறுத்திவிட்டார்கள். தின்னாத தீனி அழுகியது. அழுகினால் அமோனியா. தொட்டி நன்றாகப் பழகியிருந்தால் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பக்டீரியாக்கள் அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு அதைவிடக் கெடுதி குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். இரண்டு மாதத் தொட்டிக்கு அவ்வளவு சுமை தாங்காது.

இதில் சூடும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீரில் இருக்கும் அமோனியாவில் ஒரு பகுதிதான் கடும் நஞ்சு. அந்தப் பகுதியின் பங்கு, தண்ணீரின் பீஎச் (அமில, கார அளவு) மாறாமல் இருந்தாலும், 18 பாகையில் இருப்பதைவிட 28 பாகையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு: 18 பாகையில் லீற்றருக்கு 9.5 மில்லிகிராம் வரை கரையும், 28 பாகையில் 8க்கும் கீழே. மூச்சுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில் தண்ணீரில் அது குறைந்திருக்கும். அழுத்தம் கூடும், நோயெதிர்ப்பு தளரும், சளிப்படலம் கெடும். அந்த நான்கு நாளில் நடந்தது இதுதான். பஞ்சு தெரிந்தது ஐந்தாம் நாள்.

அது பஞ்சுதானா?

வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சணம் இல்லை. அக்சலோட்டல் அவ்வப்போது சளித்தோலை உரிக்கும். அது கண்ணாடித்தாள் போல மெல்லிய கிழிசலாகச் செவுளில் மாட்டியிருக்கும், செவுளை ஒருதரம் உதறினால் போய்விடும். சிலதுக்குச் செவுளில் வெள்ளி மினுக்கம் போலப் பொட்டுகள் பிறவியிலேயே உண்டு. ரோஸ் நிறத்துக்குச் செவுள் சில நேரம் வெளிறி, சில நேரம் இரத்தச் சிவப்பாக மாறுவதும் இயல்பு. பூஞ்சணம் என்றால் வேர்விட்டது போல ஒரே இடத்தில் நிற்கும், தண்ணீர் அசையும்போது இழை இழையாக அசையும், நாளுக்கு நாள் வளரும். பார்க்கிறேன் என்று போன் லைட்டை முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். அதற்குக் கண்ணிமை இல்லை. பக்கத்திலிருந்து மெல்லிய வெளிச்சம் போதும்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். பஞ்சு போலத் தெரிந்தாலும் சாம்பல், மஞ்சள் கலந்து, தட்டையாகத் தோலோடு ஒட்டி, ஓரம் சிவந்து அரித்துக்கொண்டு போனால் அது பக்டீரியாவாக இருக்கலாம். கால்களிலும் வயிற்றிலும் இரத்தம் கட்டினது போலச் சிவந்தால், உடம்பு ஊதினால், புண் திறந்தால், வீட்டு வைத்தியத்தை அத்தோடு விடவேண்டும். ஏரோமோனஸ் போன்ற பக்டீரியா இரத்தத்தில் கலந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் தேயிலையும் உப்பும் ஒன்றும் செய்யா. சூடான தண்ணீரில் அவை வேகமாகப் பெருகும், ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

முதல் இரவு

அன்று நாங்கள் செய்தது ஒன்றுதான், அதைத் தனிப்பெட்டி என்று சொல்வேன். எட்டு லீற்றர் பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி, இதுவரை சவர்க்காரம் படாதது. மூடியில் சின்னத் துளைகள். மூடி கட்டாயம் வேண்டும், இவை துள்ளும். உள்ளே மணல், கல் ஒன்றும் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு வழுவழுப்பான குழாய்த் துண்டு மட்டும். குளோரின் நீக்கிய தண்ணீர். கொழும்புக் குழாய்த் தண்ணீர் குளோரின் சேர்த்துத்தான் வருகிறது. நாம் குடிக்க அது நல்லது, செவுளுக்கு நெருப்பு. மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியை, சோடியம் தயோசல்பேற்று உள்ளதை, போத்தலில் சொன்ன அளவுக்குப் போடுங்கள். கற்றாழைச் சாறு சேர்த்தவையும் உண்டு, அதைத் தவிர்ப்பது பாதுகாப்பு.

தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றவேண்டும். பாதியை மாற்றினால் போதாது. பெட்டியில் ஃபில்டர் இல்லாததால் கழிவெல்லாம் அங்கேயே தங்கும். இரண்டு பெட்டி வைத்துக்கொண்டால் வேலை சுலபம்: ஒன்றில் பிராணி இருக்க, மற்றதில் நாளைக்கான தண்ணீரைக் குளிரவைக்கலாம். கழிவைக் கண்டவுடன் எடுத்துவிடுங்கள். கழுவின பெட்டி வெயிலில் நன்றாகக் காயட்டும்.

குளிர வைப்பது எப்படி? மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் ரிஜிபோம் பெட்டி ஒன்று வாங்கி, அதற்குள் இந்தப் பெட்டியை வையுங்கள். பழைய தண்ணீர்ப் போத்தலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறையவைத்து, மூடி இறுக்கி, பெட்டித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். உருகினதும் அடுத்த போத்தல். ஐஸ் கட்டியை நேரே போடாதீர்கள், அதுவும் குழாய்த் தண்ணீர்தானே. 28இலிருந்து 18க்கு ஒரே மணித்தியாலத்தில் இறக்கவும் கூடாது. சட்டென்று குளிர்ந்தால் அதுவே ஒரு அடி. நாங்கள் அன்று இரவு 25க்குக் கொண்டுவந்து, விடிய 22, மறுநாள் இரவு 19 என்று இறக்கினோம். அந்தப் பிள்ளை மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து போத்தல் மாற்றினாள். தண்ணீரில் போட்டுவைத்த வெப்பமானியை அவள் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சிலர் பிராணியைப் பெட்டியோடு ஃபிரிஜில் வைக்கச் சொல்வார்கள். 5, 6 பாகையில் பூஞ்சணம் மெதுவாகும் என்பது உண்மை. அதே குளிரில் பிராணியின் நோயெதிர்ப்பும் சமிபாடும் சேர்ந்தே மெதுவாகும். நம் வீட்டு ஃபிரிஜ் ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறந்து மூடப்படுகிறது என்றும் யோசியுங்கள். வைத்தியர் சொல்லாமல் நான் செய்யமாட்டேன்.

தேயிலை, உப்பு, நீலம்

சுத்தமான குளிர்ந்த தண்ணீர் மட்டுமே சின்னப் பஞ்சைக் கரைத்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் வீட்டில் செய்யக்கூடிய மெல்லிய கைமருந்து தேயிலை. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. தேயிலையில் இருக்கும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் தோலைச் சற்று இறுக்கி, பூஞ்சணத்துக்கு அந்த இடத்தைப் பிடிக்காமல் செய்கிறது. எட்டிலிருந்து பத்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு சாதாரண தேயிலைப் பை. தூள் என்றால் 2 கிராம், மெல்லிய துணியில் கட்டி. சுடுதண்ணீரில் சாயம் இறக்கி, முழுக்க ஆறவைத்து, பெட்டித் தண்ணீரில் கலக்கவேண்டும். வெறும் கறுப்புத் தேயிலை. இஞ்சி, ஏலக்காய், எலுமிச்சை வாசம் சேர்த்த பக்கெட் எதுவும் ஆகாது. தண்ணீர் மாற்றும்போது புதிதாகக் கலந்தால் சரி. நாட்டு வாதுமை இலையும், சிங்களத்தில் கொட்டம்பா என்பார்களே அது, இதே வேலையைச் செய்யும். தானாக விழுந்து காய்ந்த இலையாக, தெருப் புகையும் மருந்தும் படாததாக இருக்கவேண்டும்.

உப்புக் குளிப்பு இதைவிடக் கடுமையானது. நன்னீர்ப் பூஞ்சணத்தின் உடலிலிருந்து உப்பு நீரை உறிஞ்சி எடுத்துவிடும். பிராணியின் தோலுக்கும் செவுளுக்கும் அதையேதான் செய்யும். அதனால்தான் நிமிடக் கணக்கு. வழக்கமாகச் சொல்லப்படும் அளவு லீற்றருக்கு 2 முதல் 3 தேக்கரண்டி, 10 நிமிடம், நாளுக்கு ஒருதரம் அல்லது இரண்டு தரம். 15 நிமிடத்தைத் தாண்டவே கூடாது. நான் தலைதட்டிய 2 தேக்கரண்டியோடு, நாளுக்கு ஒருதரத்தோடு நிறுத்துவேன். உப்பு முழுக்கக் கரைந்திருக்கவேண்டும், தண்ணீர் அதே குளிரில் இருக்கவேண்டும், பக்கத்தை விட்டு எழும்பக் கூடாது. துடித்தால் அந்த நொடியே எடுத்து நல்ல தண்ணீரில் விடுங்கள். திறந்த புண்ணுக்கு வேண்டாம். தேயிலை மூன்று நாளில் பலன் தராவிட்டால்தான் உப்பைப் பற்றி யோசிப்பேன். இப்போது பல மிருக வைத்தியர்கள் உப்பே வேண்டாம் என்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

உப்பு வாங்கும்போது பக்கெட்டை வாசியுங்கள். நம் கடைச் சமையல் உப்பு அயடீன் சேர்த்தது. உடலில் தைரொக்சின் என்ற ஹோமோன் உண்டாக அயடீன் வேண்டும், அக்சலோட்டலை உருமாற்றித் தரைக்கு ஏறத் தூண்டுவதும் அந்தத் தைரொக்சின்தான். பத்து நிமிடக் குளிப்பில் அப்படி ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் அயடீனும் வேறு கலவையும் சேராத உப்பு கிடைக்கும்போது ஏன் மற்றதைப் போடவேண்டும்?

மெதிலீன் புளூ மீன் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். பூஞ்சணத்தை அடக்கும் மருந்துதான். ஆனால் மீனுக்கு எழுதிய அளவு இதற்குக் கூடிப்போகும். அதைப் பெருந்தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பக்டீரியாவும் செத்து, மறுபடி அமோனியாவில் வந்து நிற்பீர்கள். வைத்தியர் அளவு சொன்னால், தனிப்பெட்டியில் மட்டும். மலக்கைட் கிறீன், ஃபோர்மலின், செம்பு கலந்த மருந்துகளைப் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள். அந்தப் பிள்ளைக்குக் கடையில் "எல்லாத்துக்கும் நல்லது" என்று ஒரு பச்சைப் போத்தலைக் கொடுத்திருந்தார்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் மலக்கைட் கிறீன் என்று இருந்தது. அவள் அதை ஊற்றாமல் முதலில் மேலே ஏறி வந்தது பெரிய காரியம்.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மனிதருக்கான அன்டிபயோட்டிக் கப்சியூலைத் திறந்து தூவுவதும் இப்படித்தான். பூஞ்சணத்துக்கு அது வேலை செய்யாது. பக்டீரியா என்றாலும் எந்த பக்டீரியா, எவ்வளவு மருந்து என்று தெரியாமல் கொடுத்தால், கடைசியில் மருந்துக்குப் பயப்படாத கிருமிதான் மிஞ்சும்.

வைத்தியரிடம் போகும்போது

நான்கைந்து நாளில் பஞ்சு குறையாவிட்டால், செவுளிலிருந்து உடம்புக்கு இறங்கினால், தலைகீழாக மிதந்தால், முன்னே சொன்ன சிவப்போ வீக்கமோ தெரிந்தால் போய்விடுங்கள். கொழும்பில் நாய் பூனை பார்க்கும் கிளினிக் நிறைய. நீர்வாழ் பிராணி பார்ப்பீர்களா என்று முதலில் போனில் கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அங்கே போகும் தூரம் முடியாவிட்டாலும் உங்கள் வைத்தியர் அங்குள்ளவர்களிடம் ஆலோசனை கேட்கலாம்.

போகும்போது மூன்று விஷயம் கையில் இருந்தால் வைத்தியருக்குப் பெரிய உதவி. நாள்வாரியாக எடுத்த படங்கள். அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பீஎச் அளந்த கணக்கு, தொட்டித் தண்ணீர் ஒரு போத்தலில். அப்புறம் எடை. மருந்து கிராம் கணக்கில்தான் தீர்மானமாகும். குசினித் தராசில் கொஞ்சம் தண்ணீரோடு பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கி, பிராணியை மெல்ல உள்ளே விடுங்கள். மூன்றாம் மாடியுடையது அன்று 71 கிராம். துணி வலையால் அள்ளவேண்டாம், விரலும் செவுளும் சிக்கும். ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அதற்குள் ஓட்டிவிடுங்கள்.

இதற்கிடையில் பெருந்தொட்டியைச் சும்மா விடக்கூடாது. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம், நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை தண்ணீர் மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். கூரான அலங்காரங்களை எடுத்துவிடுங்கள். குளிருக்கு, கொழும்பில் ஃபேன் மட்டும் போதாது. ஃபேன் குளிர்விப்பது தண்ணீர் ஆவியாவதால், ஈரக் காற்றில் அது இரண்டு மூன்று பாகைக்கு மேல் இறக்காது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வேண்டும், விலை பிராணியைவிடப் பல மடங்கு. அதை வாங்க வசதி இல்லாவிட்டால் அக்சலோட்டலும் இப்போதைக்கு வேண்டாம் என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். சில்லர் இருந்தாலும் உறைந்த போத்தல்கள் ஃப்ரீசரில் எப்போதும் இருக்கட்டும். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அன்று என் இரண்டையும் காப்பாற்றியவை அந்தப் போத்தல்கள்தான்.

பெட்டித் தண்ணீரைக் கால்வாயிலோ தோட்டத்துக் குட்டையிலோ ஊற்றாதீர்கள், கழிவறையில் ஊற்றுங்கள். தவளைகளைக் கொல்லும் கைற்றிட் என்ற பூஞ்சணத்தை அக்சலோட்டல் நோய் காட்டாமலே சுமக்கலாம். இந்தச் சின்னத் தீவில் நூற்றுக்கு மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லை. கொழும்பே ஈரநிலங்களுக்கு நடுவில் இருக்கும் நகரம், 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் பெற்றது. நம் வீட்டு வாளித் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கவேண்டியது நம் பொறுப்பு.

மூன்றாம் மாடியில், இரண்டாம் நாள் பஞ்சு சுருங்கியது. நாலாம் நாள் காலை பெட்டியின் அடியில் ஒரு வெள்ளை நூல் கிடந்தது, செவுளில் ஒன்றும் இல்லை. உப்பு தேவைப்படவில்லை. பஞ்சு இருந்த கிளையின் நுனி மொட்டையாக, வெளிறி நின்றது. இன்னும் ஐந்து நாள் தனிப்பெட்டியிலேயே வைத்திருந்து, பெருந்தொட்டி 18க்கு வந்த பிறகுதான் மாற்றினோம். சில்லருக்கு அப்பா தவணை முறையில் கட்டுகிறார். வைகாசி நடுவில் அவள் இன்னொரு படம் அனுப்பினாள். மொட்டை நுனியில் முடி போல மெல்லிய சிவப்பு இழைகள், எண்ணிப் பார்த்தால் ஏழு.